சர்வர் படுத்தாலும் வேலை நிற்காமலிருக்க: முதல் மூன்று நோடு கிளஸ்டரை அமைக்கும் வழி

பில்லிங், கணக்கு, ஊழியர்களின் ஃபைல்கள் எல்லாம் ஒரே சர்வரில் ஓடுகிற அலுவலகத்தில், அந்த சர்வரின் மதர்போர்டு போகும் நாளில் யாருக்கும் வேலை ஓடாது. டிஸ்க் போனால், டேட்டாவைப் பல டிஸ்க்குகளில் சேர்த்து வைக்கும் ரெய்டு ஏற்பாடு காப்பாற்றும். மதர்போர்டோ ரெய்டு கார்டோ போனால், அதே மாடல் பாகம் வந்து சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். டேட்டா உள்ளே பத்திரமாக இருக்கும், ஆனால் எடுக்க வழி இருக்காது.

டிஸ்க் பழுதாகும் முன் எச்சரிக்கை வரும், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். கூகுள் தன்னிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. வெப்பநிலையை விட்டுவிட்டுப் பார்த்தால், பழுதான டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் வசதி) அளவீடு எதிலும் ஒரு சின்ன அடையாளம்கூடக் காட்டாமல் போயிருந்தன. ஆகவே எச்சரிக்கையை நம்பி இருக்க முடியாது. ஏதாவது ஒன்று எப்போது வேண்டுமானாலும் சாகும் என்று வைத்துக்கொண்டு கட்டுவதுதான் கிளஸ்டர்.

இந்தக் கட்டுரையில் நாம் அமைக்கப்போவது மூன்று சர்வர்கள் கொண்ட ஒரு சிறிய கிளஸ்டர். கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு சர்வரையும் நோடு என்கிறோம். மேலே பிராக்ஸ்மாக்ஸ், டேட்டாவுக்கு செஃப். பிராக்ஸ்மாக்ஸ் வியன்னாவில் உள்ள ஒரு நிறுவனம் 2008 முதல் வெளியிட்டு வரும் மென்பொருள். ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர் போல இயங்கும் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுவது இதன் வேலை. டெபியன் லினக்ஸின் மேல் ஓடுகிறது. செஃப், சேஜ் வைல் என்பவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கிய சேமிப்பு அமைப்பு. இரண்டும் ஓப்பன் சோர்ஸ். இவற்றை நான் தேர்ந்தெடுக்கக் காரணம், பெரும்பாலான வேலையை பிரவுசரிலேயே செய்துவிடலாம். புதியவர்களுக்கு எது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிவது பெரிய உதவி. லினக்ஸ் ஓரளவு தெரிந்திருந்தால் போதும்.

பெட்டியைப் பிரிக்கும் முன்: பெரும்பான்மை என்றால் என்ன

இதைப் புரிந்துகொள்ளாமல் கிளஸ்டர் போட்டவர்கள்தான் டேட்டாவைத் தொலைக்கிறார்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு சர்வர்கள் இருக்கின்றன. நடுவில் ஒரு கேபிள். கேபிள் அறுந்துவிட்டது. இப்போது முதல் சர்வருக்கு இரண்டாவதிடமிருந்து பதில் வரவில்லை. அது செத்துவிட்டதா, அல்லது கேபிள் மட்டும் போயிருக்கிறதா? உள்ளே இருந்து பார்க்கும் சர்வருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இரண்டாவது சர்வரும் அதே குழப்பத்தில் இருக்கும். இரண்டுமே ‘அவன் போய்விட்டான், இனி நான்தான்’ என்று முடிவெடுத்தால், ஒரே பில்லிங் டேட்டாபேஸ் இரண்டு இடத்தில் ஓடும். இங்கே சில பில்கள், அங்கே சில பில்கள். கேபிளைச் சரிசெய்த பிறகு எது உண்மை என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்குப் பெயர் ஸ்ப்ளிட் பிரெயின்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தில் ஒரு ஆப்டிக்கல் கருவியை மாற்றும்போது அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் இருந்த அவர்களுடைய டேட்டாசென்டரின் இணைப்பு 43 விநாடிகள் துண்டித்தது. அந்த நேரத்துக்குள் மேற்குக் கடற்கரையில் இருந்த டேட்டாபேஸ்கள் தலைமைப் பொறுப்பை எடுத்துக்கொண்டன. இணைப்பு திரும்பியபோது இரண்டு பக்கமும் மறுபக்கத்தில் இல்லாத பதிவுகள் இருந்தன. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி சேவை பழைய நிலைக்கு வர 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது.

இதற்கான தீர்வு ஓட்டு. ஒவ்வொரு நோடுக்கும் ஒரு ஓட்டு. மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் யார் பக்கம் இருக்கிறதோ அவர்கள் மட்டும் வேலை செய்யலாம். மற்றவர்கள் நிறுத்திவிட வேண்டும். இதைத்தான் கோரம் என்கிறோம். மூன்று நோடு இருந்தால் இரண்டு ஓட்டு வேண்டும், ஒன்று சாகலாம். இரண்டு நோடு இருந்தால் இரண்டுமே வேண்டும், ஒன்றுகூடச் சாகக் கூடாது. நான்கு நோடு என்றால் மூன்று வேண்டும். அப்போதும் ஒன்றுதான் சாகலாம். ஐந்து நோடு இருந்தால்தான் இரண்டு இழப்பைத் தாங்கும். கிளஸ்டர் மூன்றிலிருந்து தொடங்குவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

கையில் இரண்டு சர்வருக்கு மட்டுமே பணம் இருக்கிறது என்றால், மூன்றாவது ஓட்டுக்கு கியூ-டிவைஸ் என்று ஒரு வழி உண்டு. ஒரு ராஸ்பெர்ரி பை அல்லது பழைய பிசி ஓட்டு மட்டும் போடும், விர்ச்சுவல் மெஷின் எதையும் ஓட்டாது. ஆனால் அப்போது செஃப் வேண்டாம். செஃப் சரியாக ஓட மூன்று முழு நோடுகள் தேவை.

வாங்க வேண்டியவை

மூன்று சர்வரும் முடிந்தவரை ஒரே மாதிரி இருக்கட்டும், குறிப்பாக சிபியு. வேறு வேறு தலைமுறை சிபியு இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது சிக்கல் வரும். ரேம் இசிசி வகையாக, அதாவது சிறு பிழைகளைத் தானே திருத்திக்கொள்வதாக, இருக்க வேண்டும்.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இரண்டு சின்ன எஸ்எஸ்டி; இன்ஸ்டால் செய்யும்போதே, இரண்டிலும் ஒரே டேட்டாவை எழுதும் இசட்எஃப்எஸ் மிரர் தேர்ந்தெடுங்கள். டேட்டாவுக்குத் தனி டிஸ்க்குகள், நோடுக்குக் குறைந்தது நான்கு இருந்தால் நல்லது. ஏன் நான்கு என்பதைப் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். டேட்டா டிஸ்க் வாங்கும்போது பவர் லாஸ் புரொடக்ஷன் (கரன்ட் போனாலும் எழுதிக்கொண்டிருந்த டேட்டாவைக் காக்கும் வசதி) உள்ள எஸ்எஸ்டியா என்று கேட்டு வாங்குங்கள். செஃப் ஒவ்வொரு பதிவும் டிஸ்க்கில் உறுதியாக இறங்கியதா என்று காத்திருந்து கேட்கும். லேப்டாப்புக்கு விற்கும் சாதாரண எஸ்எஸ்டி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறும். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் சிறு பங்குகூடக் கிடைக்காது. விலையைப் பார்த்து இதில் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள்.

ரெய்டு கார்டு இருந்தால் அதை, டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்காமல் அப்படியே காட்டும் ஹெச்பிஏ மோடுக்கு மாற்றுங்கள். செஃப்புக்கு ஒவ்வொரு டிஸ்க்கும் நேரடியாகத் தெரிய வேண்டும்.

ரேம் கணக்கு: செஃப் ஒவ்வொரு டேட்டா டிஸ்க்குக்கும் சுமார் 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். நான்கு டிஸ்க்குக்கு 16. ஆபரேட்டிங் சிஸ்டம், மற்ற சில்லறை வேலைகளுக்கு ஒரு 8 என்று வையுங்கள். 128 ஜிபி சர்வரில் மீதி 104. ஒரு நோடு செத்தால் மிச்சம் இரண்டில் எல்லா விர்ச்சுவல் மெஷினும் அடங்க வேண்டும். ஆக மொத்தம் 208 ஜிபிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றையும் கூட்டி 312 என்று கணக்குப் போட்டு நிரப்பிவிட்டால், ஒரு நோடு போகும் நாளில் மற்ற இரண்டும் மூச்சு முட்டும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு பவர் சப்ளை இருக்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி வைத்திருப்பதை எத்தனையோ இடங்களில் பார்க்கிறேன். ஒன்று ஒரு யுபிஎஸ்ஸிலும் மற்றொன்று இன்னொரு யுபிஎஸ்ஸிலும் போக வேண்டும். ஸ்விட்சுகளும் அப்படியே: முதல் ஸ்விட்ச் ஒன்றில், இரண்டாவது மற்றொன்றில்.

நெட்வொர்க்: இங்கேதான் அதிகம் கவனம் வேண்டும்

கிளஸ்டரில் இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. ஒன்று, ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று நோடுகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வது. இதைச் செய்வது கோரோசிங்க். சின்னச் சின்னச் செய்திகள்தான், ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நோடுகளுக்கு இடையே தாமதம் 5 மில்லி விநாடிக்குள் இருக்கட்டும். மூன்று நோடையும் மூன்று ஊரில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: வைக்க முடியாது. இரண்டாவது, செஃப் டேட்டாவைப் பிரதி எடுக்கும் போக்குவரத்து. இது கனமான சரக்கு. 10 ஜிகாபிட்டுக்குக் குறையாமல் வேண்டும்.

இரண்டையும் ஒரே கேபிளில் விடக் கூடாது. ஏன் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு அலுவலகத்தில் எல்லாம் ஒரே 10 ஜிகாபிட் வழியில் ஓடிக்கொண்டிருந்தது. பல மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு நாள் ஒரே ஒரு டிஸ்க் செத்தது. செஃப் தன் கடமையைச் செய்தது: குறைந்துபோன பிரதிகளை மறுபடி எடுக்க ஆரம்பித்தது. அந்தச் சரக்கில் வழி முழுவதும் அடைத்துக்கொண்டது. கோரோசிங்கின் சின்னச் செய்திகள் இடையில் சிக்கித் தாமதித்தன. மூன்று நோடுகளுமே ‘மற்ற இரண்டும் போய்விட்டன, எனக்குப் பெரும்பான்மை இல்லை’ என்று நினைத்து, அடுத்தடுத்து தம்மைத் தாமே ரீபூட் செய்துகொண்டன. ஒரு டிஸ்க் போனதற்கு மொத்த கிளஸ்டரும் விழுந்தது. டேட்டா எதுவும் போகவில்லை. ஆனால் எழுந்து வந்ததும் மறுபடி பிரதி எடுக்க ஆரம்பித்து மறுபடி விழுந்தது. கோரோசிங்குக்குத் தனியாக ஒரு சாதாரண 1 ஜிகாபிட் கேபிள் போட்ட பிறகுதான் நின்றது.

ஆகவே ஒவ்வொரு நோடிலும் இப்படிப் பிரியுங்கள். 1 ஜிகாபிட் போர்ட் ஒன்று, கோரோசிங்குக்கு மட்டும், முதல் ஸ்விட்சில். இன்னொரு போர்ட் இரண்டாவது ஸ்விட்ச் வழியாக. இது கோரோசிங்கின் மாற்று வழி, அலுவலக நெட்வொர்க்கோடு பகிர்ந்துகொண்டாலும் பரவாயில்லை. 10 ஜிகாபிட் போர்ட் இரண்டு, செஃப்புக்கு. 10 ஜிகாபிட் ஸ்விட்ச் விலை கட்டுப்படியாகவில்லை என்றால், மூன்று நோடு மட்டும் இருக்கும்வரை ஒரு நல்ல குறுக்கு வழி உண்டு: ஸ்விட்சே இல்லாமல், ஒவ்வொரு நோடிலிருந்தும் மற்ற இரண்டுக்கும் நேராகக் கேபிள் போட்டுவிடலாம். மொத்தம் மூன்று கேபிள்தான்.

கேபிளின் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள். இதைப் பின்னால் செய்யலாம் என்று விட்டால் ஒருபோதும் செய்ய மாட்டீர்கள்.

கிளஸ்டரை உருவாக்குதல்

மூன்று நோடிலும் பிராக்ஸ்மாக்ஸை இன்ஸ்டால் செய்யுங்கள். ஹோஸ்ட்நேமையும் ஐபி முகவரியையும் இப்போதே யோசித்து முடிவு செய்துவிடுங்கள். கிளஸ்டரில் சேர்ந்த பிறகு இவற்றை மாற்றுவது பெரும் தலைவலி. சந்தா வாங்காதவர்கள் ரெப்பாசிட்டரி பக்கத்துக்குப் போய் என்டர்பிரைஸ் என்பதை நிறுத்திவிட்டு நோ-சப்ஸ்கிரிப்ஷன் என்பதைச் சேர்த்து, மூன்றையும் ஒரே வெர்ஷனுக்கு அப்டேட் செய்யுங்கள்.

நேரம் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 50 மில்லி விநாடிக்கு மேல் வித்தியாசம் வந்தாலே செஃப் எச்சரிக்கை காட்ட ஆரம்பிக்கும்.

அப்புறம் முதல் நோடின் பிரவுசர் பக்கத்தில் டேட்டாசென்டர் என்ற மெனு, அதற்குள் கிளஸ்டர், அதில் கிரியேட் கிளஸ்டர். பெயர் கொடுத்து, லிங்க் 0 என்ற இடத்தில் கோரோசிங்குக்கு ஒதுக்கிய முகவரியையும், லிங்க் 1 என்ற இடத்தில் மாற்று வழியின் முகவரியையும் தேர்ந்தெடுங்கள். உருவானதும் ஜாயின் இன்ஃபர்மேஷன் என்பதை அழுத்தினால் ஒரு நீண்ட எழுத்துத் தொடர் வரும். அதை காப்பி செய்து, இரண்டாவது நோடில் ஜாயின் கிளஸ்டர் பக்கத்தில் ஒட்டி, முதல் நோடின் ரூட் பாஸ்வேர்டைக் கொடுங்கள். சேரப்போகும் நோடில் விர்ச்சுவல் மெஷின் எதுவும் இருக்கக் கூடாது. சேரும்போது பிரவுசர் பக்கம் சற்று நேரம் உறைந்த மாதிரி நிற்கும். பயப்படாமல் பக்கத்தைத் திரும்பத் திறந்து லாகின் செய்யுங்கள். மூன்றாவது நோடுக்கும் இதே வேலை. மூன்றும் பச்சை நிறத்தில் தெரிந்து, கோரேட் (Quorate, பெரும்பான்மை இருக்கிறதா என்பது) என்ற இடத்தில் யெஸ் என்று இருந்தால் சரி.

செஃப்

ஒவ்வொரு நோடிலும் செஃப் பக்கத்தைத் திறந்தால் இன்ஸ்டால் செய்யச் சொல்லிக் கேட்கும். முதல் நோடில் மட்டும் நெட்வொர்க் விவரம் கேட்கும். 10 ஜிகாபிட் நெட்வொர்க்கைக் கொடுங்கள். பப்ளிக், கிளஸ்டர் என்று இரண்டு கேட்கும். இத்தனை சிறிய அமைப்பில் இரண்டுக்கும் அதே நெட்வொர்க் போதும்.

மானிட்டர் என்பது எந்த டிஸ்க் உயிரோடு இருக்கிறது என்ற கணக்கை வைத்திருப்பது. நோடுக்கு ஒன்றாக மூன்று போடுங்கள். அவையும் ஓட்டுப் போட்டே முடிவெடுக்கும். மேனேஜரையும் மூன்றிலும் போட்டுவிடுங்கள், ஒன்றுதான் வேலை செய்யும், மற்றவை காத்திருக்கும்.

பிறகு ஓஎஸ்டி, அதாவது ஒரு டிஸ்க்கின் டேட்டாவைக் கவனித்துக்கொள்ளும் செஃப் புரோகிராம். ஒரு டேட்டா டிஸ்க்குக்கு ஒரு ஓஎஸ்டி. டிஸ்க் காலியாக இருக்க வேண்டும். பழைய பார்ட்டிஷன் இருந்தால் டிஸ்க் பக்கத்தில் வைப் செய்துவிட்டு உருவாக்குங்கள்.

இதைச் செய்யும்போதே இன்னொரு சின்ன வேலை. திரையில் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரும் தெரியும். அதன் கடைசி நான்கு எழுத்துகளை ஒரு ஸ்டிக்கரில் எழுதி, அந்த டிஸ்க் இருக்கும் ட்ரேயின் முகப்பில் ஒட்டுங்கள். ஒரு டிஸ்க் சாகும் நாளில், பதற்றத்தில், ஒரே மாதிரி இருக்கும் நான்கு ட்ரேக்களுக்கு முன்னால் நின்று எதை உருவுவது என்று யோசிக்கும்போது இதன் அருமை புரியும். நான் ஒருமுறை மேலிருந்து எண்ணிக்கொண்டு மூன்றாவதை உருவினேன். அந்த சர்வரில் எண்ணிக்கை கீழிருந்து தொடங்குகிறது. உயிரோடிருந்த டிஸ்க் கையில் வந்துவிட்டது. மூன்று பிரதி இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்து பூல், அதாவது விர்ச்சுவல் மெஷின்களின் டேட்டா போய் உட்காரும் பொதுச் சேமிப்பு இடம். இதில் இரண்டு எண்கள் உயிர்நாடி. சைஸ் 3, மின் சைஸ் 2. சைஸ் என்றால் எத்தனை பிரதி. மூன்றும் மூன்று வேறு நோடுகளில் போய் உட்காரும். மின் சைஸ் என்றால், குறைந்தது இத்தனை பிரதி இருந்தால்தான் எழுத விடுவேன் என்பது. இவை தானாகவே இப்படித்தான் வரும். மாற்றாமல் விட்டாலே போதும்.

இடம் வீணாகிறதே என்று சைஸை 2 ஆகவும் மின் சைஸை 1 ஆகவும் குறைப்பவர்கள் உண்டு. கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். ஒரு நோடை அப்டேட்டுக்காக ரீபூட் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சில நிமிடங்களில் வரும் புதிய பதிவுகள் மீதி ஒரே ஒரு டிஸ்க்கில்தான் எழுதப்படும். அந்த நேரம் பார்த்து அந்த டிஸ்க் போனால், அந்தப் பதிவுகள் உலகத்தில் எங்கேயும் இல்லை. மின் சைஸ் 2 இருந்தால், ஒரே பிரதி மட்டும் மிஞ்சும்போது செஃப் எழுதாமல் நின்றுவிடும். வேலை நிற்கும், ஆனால் டேட்டா தப்பிக்கும். நின்றுபோன வேலையைப் பிறகு தொடரலாம்.

காலி இடம் எவ்வளவு விட வேண்டும்

நோடுக்கு 2 டிபி டிஸ்க் நான்கு. மொத்தம் 24 டிபி. மூன்று பிரதி என்பதால் 8 டிபி. திரையும் ஏறக்குறைய இதைத்தான் காட்டும். புதியவர்கள் 8 டிபி நமக்கு உண்டு என்று நிரப்ப ஆரம்பிப்பார்கள்.

செஃப்பில் மூன்று கோடுகள் உண்டு. ஒரு டிஸ்க் 85% நிரம்பினால் எச்சரிக்கை. 90% தாண்டினால் மீட்பு வேலைக்காக அந்த டிஸ்க்குக்கு டேட்டா அனுப்புவதை நிறுத்திவிடும். 95% தொட்டால் எழுதுவதே நின்றுபோகும். எல்லா விர்ச்சுவல் மெஷினும் அப்படியே உறைந்துவிடும்.

இப்போது ஒரு டிஸ்க் சாகிறது. மூன்று பிரதியும் மூன்று நோடில் இருந்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே செத்த டிஸ்க்கில் இருந்தது, அதே நோடில் மீதியிருக்கும் மூன்று டிஸ்க்குகளுக்குத்தான் போக முடியும். பக்கத்து நோடுக்குப் போக முடியாது. நீங்கள் 70% நிரப்பியிருந்தால், நான்கில் இருந்தது மூன்றுக்குள் நுழைய வேண்டும்: 70-ஐ 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 93%. மீட்பு பாதியிலேயே நின்றுவிடும். 60% என்றால் 80%, பிழைத்தோம். அதாவது 8 டிபியில் 4.8 டிபி வரைதான் நிம்மதி. டிஸ்க்குகள் எல்லாம் சமமாக நிரம்பாது என்பதால் இன்னும் கொஞ்சம் குறைவாகவே வைத்துக்கொள்வது நல்லது.

நோடுக்கு இரண்டே டிஸ்க் என்றால் ஒன்று செத்ததும் மற்றது முழுச் சுமையையும் ஏற்க வேண்டும். 40%-க்கு மேல் போகவே முடியாது. நான்கு டிஸ்க் வேண்டும் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான்.

ஒரு முழு நோடே போனால்? மூன்றாவது பிரதியை வைக்க நான்காவது நோடு இல்லை. இரண்டு பிரதியோடு வேலை நடக்கும், திரை மஞ்சளாகவே நிற்கும், நோடு திரும்பி வந்ததும் விட்டுப்போனதைப் பிடித்துக்கொள்ளும். அதுவரை இன்னொரு நோடைத் தொடாதீர்கள். வசதி இருந்தால் நான்காவது நோடு சேருங்கள். ஓட்டுக் கணக்கில் லாபம் இல்லைதான். ஆனால் டேட்டா தன்னைத் தானே முழுதாக மீட்டுக்கொள்ள இடம் கிடைக்கும்.

ஹெச்ஏ (ஹை அவெய்லபிலிட்டி): விர்ச்சுவல் மெஷின் வேறு நோடில் எழுவது

டேட்டா மூன்று இடத்தில் இருந்தால் மட்டும் போதாது. நோடு செத்ததும் அதில் ஓடிய விர்ச்சுவல் மெஷினை வேறு யாராவது கிளப்ப வேண்டும். அதன் டிஸ்க் செஃப் பூலில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மூவ் ஸ்டோரேஜ் மூலம் மாற்றுங்கள். சிடி டிரைவில் இன்ஸ்டால் செய்தபோது போட்ட ஐஎஸ்ஓ ஃபைல் இன்னும் செருகியே இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த ஃபைல் ஒரே நோடில்தான் இருக்கும், வேறு நோடில் கிளம்பும்போது இந்த ஒரு அற்பக் காரணத்தால் தடுக்கி நிற்கும். பிறகு டேட்டாசென்டர், ஹெச்ஏ என்று போய் ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

ஒரு தவறான எதிர்பார்ப்பை இங்கேயே களைந்துவிடலாம். நோடு செத்தால் விர்ச்சுவல் மெஷின் அப்படியே தாவி ஓடாது. அதன் ரேமில் இருந்தது போனது போனதுதான். உள்ளே இருப்பவருக்கு அது திடீரென்று கரன்ட் போய் வந்த மாதிரி. டேட்டாபேஸ் தன் லாகைப் படித்து எழுந்துகொள்ளும். இதற்கெல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். பெரும்பாலான அலுவலகங்களுக்கு இது போதும், வருடத்தில் 99.99% கிடைக்க வேண்டும் என்றாலும் 52 நிமிடம் கையில் இருக்கிறது. அந்த இரண்டு நிமிடமும் கூடாது என்றால் டேட்டாபேஸ் அளவிலேயே பிரதி எடுக்கும் ஏற்பாடு தனியாக வேண்டும்.

அந்த இரண்டு நிமிடம் ஏன்? பெரும்பான்மையை இழந்த நோடு, வாட்ச்டாக் என்ற கடிகாரத்தால் சுமார் 60 விநாடியில் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும். மற்ற இரண்டும் அது நிச்சயமாக நின்றிருக்கும் என்று உறுதியாகும்வரை காத்திருந்துதான் கிளப்பும். முன்னால் சொன்ன இரட்டை பில்லிங் டேட்டாபேஸ் இங்கே நடக்காமல் தடுப்பது இந்தக் காத்திருப்புதான். அதனால் அதைக் குறைக்க முயலாதீர்கள்.

இப்போது நீங்களே உடைத்துப் பாருங்கள்

உண்மையான டேட்டாவை ஏற்றும் முன் இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு சோதனை விர்ச்சுவல் மெஷினில், ஒவ்வொரு விநாடியும் மணியை ஒரு ஃபைலில் எழுதி உடனே டிஸ்க்கில் இறக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட விடுங்கள். அப்புறம் அது ஓடாத வேறொரு நோடின் இரண்டு பவர் கேபிளையும் பிடுங்குங்கள். மின்விசிறிச் சத்தம் அடங்கும். திரையில் அந்த நோடு சிவப்பாகும். ஸ்கிரிப்டின் வரிகள் நின்றுபோகும். கவலை வேண்டாம். இதயத்துடிப்பு வராத டிஸ்க்கை செத்ததாக அறிவிக்க செஃப் 20 விநாடி காத்திருக்கும். அதுவரை அந்த டிஸ்க்கை நம்பியிருந்த எழுத்துகள் காத்திருக்கும். பிறகு வரிகள் மறுபடி ஓட ஆரம்பிக்கும். ஃபைலைத் திறந்து பாருங்கள்: 10:14:07-க்கு அடுத்த வரி 10:14:30 என்பது போல ஒரு இடைவெளி இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு விநாடிகூட விடுபட்டிருக்கக் கூடாது. அந்த இடைவெளியை உங்கள் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால், இந்த ஏற்பாட்டின் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

நோடைத் திரும்ப ஏற்றுங்கள். செஃப் பச்சையாகி ஹெல்த் ஓகே என்று வரும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். பிறகு, ஸ்கிரிப்ட் ஓடும் நோடிலிருந்தே எல்லா நெட்வொர்க் கேபிளையும் பிடுங்குங்கள், பவரை விட்டுவிடுங்கள். அந்த நோடில் ஒரு டிஸ்ப்ளே திரை மாட்டி வைத்திருந்தால், ஒரு நிமிடம் கழித்து அது திடீரென்று தானாக ரீசெட் ஆவதைப் பார்க்கலாம். முதல்முறை பார்ப்பவர்கள் ஏதோ பழுது என்று பதறுவார்கள். வாட்ச்டாக் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். சற்று நேரத்தில் விர்ச்சுவல் மெஷின் வேறு நோடில் எழும்.

அடுத்து ஒரு டேட்டா டிஸ்க்கை மட்டும் உருவுங்கள். 10 நிமிடம் கழித்து செஃப் அந்த டிஸ்க் இனி வராது என்று முடிவு செய்து பிரதி எடுக்க ஆரம்பிக்கும். அப்போது கோரோசிங்கின் தாமதம் ஏறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு ஸ்விட்சை அணையுங்கள். பிறகு ஒரு யுபிஎஸ்ஸை. எதை அணைத்தபோது எதிர்பாராத ஒன்று நின்றது என்று எழுதி வையுங்கள். அநேகமாக ஏதோ ஒரு கேபிள் தவறான இடத்தில் இருக்கும்.

பராமரிப்பு நாளிலும் டிஸ்க் மாற்றும் நாளிலும்

நோடை அப்டேட்டுக்காக ரீபூட் செய்யும் முன், விர்ச்சுவல் மெஷின்களை மற்ற நோடுகளுக்கு நகர்த்துங்கள். இது திட்டமிட்ட நகர்வு என்பதால் ஓடியபடியே போகும். ஓஎஸ்டி பக்கத்தில் குளோபல் ஃப்ளாக் என்ற இடத்தில் நோ-அவுட் என்பதை இயக்குங்கள். அப்போது 10 நிமிடம் தாண்டினாலும் செஃப் அவசரப்பட்டு டேட்டாவை நகர்த்தாது. வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட மறக்காதீர்கள். ஒரு நாளில் ஒரு நோடு, அது பச்சையான பிறகு அடுத்தது.

டிஸ்க் மாற்றும்போது வரிசை இது: அந்த ஓஎஸ்டியை அவுட் செய்யுங்கள், பிரதிகள் நகர்ந்து பச்சையாகும்வரை காத்திருங்கள், ஸ்டாப், பிறகு டெஸ்ட்ராய். ஸ்டிக்கரைப் பார்த்து உருவுங்கள். புதியதைச் செருகி ஓஎஸ்டி உருவாக்கி, புது ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

பேக்கப் தனி

மூன்று பிரதி இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்ற கேள்வி கட்டாயம் வரும், பெரும்பாலும் பணம் கொடுப்பவரிடமிருந்து. யாராவது ஒரு டேபிளை அழித்தால் மூன்று பிரதியிலும் அதே நொடியில் அழியும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடியபோது, வழக்கமான ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால் பிழைத்தார்கள். அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் போனதுதான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டாசென்டர் கட்டிடம் ஒன்று தீயில் எரிந்துபோனது. ஒரே கட்டிடத்தில் எத்தனை பிரதி இருந்தாலும் நெருப்புக்கு அது ஒரு பிரதிதான்.

பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை கிளஸ்டரில் சேராத தனி மெஷினில் போடுங்கள், முடிந்தால் வேறு கட்டிடத்தில், வேறு பாஸ்வேர்டோடு. தினமும் இரவு ஓடட்டும். மாதம் ஒருமுறை, பேக்கப்பிலிருந்து பில்லிங் விர்ச்சுவல் மெஷினை வேறு எண்ணில் மீட்டு, நெட்வொர்க் கார்டைத் துண்டித்துவிட்டுக் கிளப்பி, லாகின் செய்து, நேற்றைய கடைசி பில்லின் எண் சரியாக இருக்கிறதா என்று கணக்குப் பிரிவில் இருப்பவரையே கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.